பீனாலிக் சேர்மங்கள் ஏன் சேர்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசு வளர்ப்புக்காக ஒரு மரத்தின் தண்டு நுனியை வெட்டி அகார் என்ற கூழ் ஊடகத்தில் நட்டுவிட்டு, மறுநாள் காலை குடுவையைத் தூக்கிப் பார்த்தால், வெட்டுவாயைச் சுற்றி இளம்பழுப்பில் ஒரு வளையம் படர்ந்திருக்கும். மூன்றாம் நாள் அது கரும்பழுப்பாகும். வாரம் முடிவதற்குள் தண்டின் அடி கறுத்து, அந்தத் துண்டு செத்துப்போகும். இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படிக் கறுத்துப்போன குடுவைகளை எத்தனையோ கழுவியிருக்கிறேன். "இவ்வளவு பீனால் எங்கிருந்து வருகிறது?" என்றுதான் அப்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். "வந்தது ஏன் போகவில்லை?" என்றும் கேட்க வேண்டும் என்பது பிடிபட வெகுநாள் ஆயிற்று. அதன் பிறகு மாணவர்களும் உடன் வேலை செய்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பீனாலிக் சேர்மம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு பென்சீன் வளையம், அந்த வளையத்தின் கார்பனிலேயே நேராக ஒட்டிய ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. இந்த அமைப்பு மூலக்கூறில் எங்காவது இருந்தால் அது பீனாலிக் சேர்மம். இவற்றில் மிக எளியது பீனால். 1834-ல் ருங்கே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் நிலக்கரித் தாரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். செடிகளில் இருப்பவை பெரும்பாலும் இதைவிடப் பெரியவை. கேலிக் அமிலம், குளோரோஜெனிக் அமிலம், பூவுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின், வாயைத் துவர்க்கவைக்கும் டானின், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதுவரை அடையாளம் கண்டவையே 8,000-க்கு மேல். வளையங்கள் பல சேர்ந்து, ஹைட்ராக்சில்களும் பல இருந்தால் பாலிபீனால் என்கிறோம்.

"சேர்கிறது" என்றால் அதிகமாக உற்பத்தியாகிறது என்றுதானே பொருள்?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் புத்தகம் வைத்துப் பழகியவருக்கு இது எளிதில் விளங்கும். வரவு கூடினாலும் இருப்பு ஏறும், செலவு குறைந்தாலும் இருப்பு ஏறும். ஒரு இலையில் பீனாலிக் அளவு இரட்டிப்பானது என்றால், அதை உருவாக்கும் நொதிகள் முடுக்கிவிடப்பட்டிருக்கலாம். அல்லது அதைச் சிதைக்கும், வேறொன்றாக மாற்றும் வழி அடைபட்டிருக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைக் கவனிக்காமல் தவறான முடிவுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீர்ப் பற்றாக்குறையில் இலை சிறுத்துப்போகும். இலையில் மொத்தமாக இருக்கும் பீனாலிக் அளவு துளியும் மாறாவிட்டாலும், ஒரு கிராம் இலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் கூடியிருக்கும். வளர்ச்சி நின்றதால் செறிவு ஏறியதே தவிர, புதிதாக எதுவும் உருவாகவில்லை. அதனால் ஒரு கிராமுக்கான அளவோடு ஒரு இலைக்கான மொத்த அளவையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

செடி இவற்றை எப்படிச் செய்கிறது?

தொடக்கம் சர்க்கரையில். சர்க்கரை உடையும்போது கிடைக்கும் பாஸ்போஈனால் பைருவேட், எரித்ரோஸ் 4-பாஸ்பேட் என்ற இரண்டும் இணைந்து, ஏழு படிகள் கடந்து கோரிஸ்மேட் ஆகின்றன. இதுதான் ஷிகிமேட் பாதை. பசுங்கணிகத்துக்குள் நடக்கிறது. அங்கிருந்து பினைல் அலனின் என்ற அமினோ அமிலம் பிறக்கிறது. விலங்குகளுக்கு இந்தப் பாதையே கிடையாது. பினைல் அலனினை நாம் உணவிலிருந்துதான் பெற்றாக வேண்டும். கிளைபோசேட் களைக்கொல்லி செடியைக் கொல்வதும் இந்தப் பாதையின் ஒரு நொதியை முடக்கித்தான்.

அடுத்த படிதான் முக்கியமான வாசல். பினைல் அலனினிலிருந்து அமோனியாவைக் கழற்றி சின்னமிக் அமிலமாக்கும் நொதிக்குப் பெயர் பினைல் அலனின் அமோனியா லையேஸ். ஆய்வகங்களில் சுருக்கமாக 'பால்' என்போம். 1961-ல் கௌகோலும் கானும் பார்லியில் இதைக் கண்டறிந்தார்கள். புரதம் கட்டப் போயிருக்க வேண்டிய ஒரு அமினோ அமிலம் இந்த வாசலைத் தாண்டிவிட்டால் பிறகு பீனாலிக் பக்கம்தான். கழன்ற அமோனியாவைச் செடி வீணாக்குவதில்லை, திரும்பப் பிடித்து அடுத்த அமினோ அமிலத்துக்குக் கொடுத்துவிடுகிறது. சின்னமிக் அமிலம் அளவுக்கு மீறித் தேங்கினால் அதுவே 'பால்' நொதியின் வேகத்தைக் குறைக்கும்.

சின்னமிக் அமிலம் இன்னும் இரண்டு படி தாண்டி கூமராயில் கோஏ ஆகிறது. அங்கே வழி பிரிகிறது. ஒரு கிளை லிக்னினுக்குப் போகும். இன்னொரு கிளையில் சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி ஒரு கூமராயில் கோஏவோடு மூன்று மலோனைல் கோஏவைச் சேர்த்து ஃபிளேவனாய்டுகளுக்கான எலும்புக்கூட்டைக் கட்டும். பூவின் நிறம், விதையுறையின் பழுப்பு, இலையின் புற ஊதாத் தடுப்பு எல்லாம் இந்தக் கிளையிலிருந்து வருபவை.

இவ்வளவு செலவு செய்து செடிக்கு என்ன லாபம்?

செலவு பெரியதுதான். ஒளிச்சேர்க்கையில் பிடிக்கும் கார்பனில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஷிகிமேட் பாதை வழியாகப் போகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி லிக்னினாகிறது. லிக்னின் இல்லாவிட்டால் நீர் ஏறும் குழாய்கள் உறிஞ்சும் இழுவையில் நசுங்கிவிடும். செடி நிமிர்ந்து நிற்கவும் முடியாது.

ஒரு காலத்தில் பாடப்புத்தகங்கள் மற்ற பீனாலிக்குகளை வளர்சிதை மாற்றத்தின் கழிவு என்று ஒதுக்கின. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கழிவு என்றால் எந்த உயிரணுவில், எந்த வயதில், எந்த வெளிச்சத்தில் உருவாக வேண்டும் என்று இத்தனை துல்லியமான கட்டுப்பாடு இருக்காது. புழு கடித்தால் டானின் அதன் குடலில் புரதங்களோடு பிணைந்து செரிமானத்தைக் கெடுக்கும், அல்லது ஆக்சிஜனேற்றமடைந்து குடலையே தாக்கும். பூஞ்சை நுழைந்த இடத்தில் உயிரணுச் சுவர் லிக்னினால் தடிக்கும். சாலிசிலிக் அமிலம் என்ற சிறு பீனாலிக், ஒரு இலையில் தொற்று வந்ததும் மற்ற இலைகளும் தற்காப்புக்குத் தயாராவதற்குத் தேவையான சமிக்ஞை.

வெயில், குளிர், உரக்குறைவு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரணங்கள். எல்லாவற்றிலும் பீனாலிக் ஏறுவது ஏன்?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இரண்டு வேறு வேறு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

முதல் வழி நேரடிக் கட்டளை. 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா-பி கதிர், செடியில் யூவிஆர்8 என்ற புரதத்தின் மீது படுகிறது. இருளில் அந்தப் புரதம் இரட்டையாகப் பிணைந்திருக்கும். கதிர் பட்டதும் இரண்டாகப் பிரிந்து, சால்கோன் சிந்தேஸ் உள்ளிட்ட மரபணுக்களை இயக்கும் சங்கிலியைத் தொடக்கிவைக்கும். கதிரை உணரும் புரதம் இதுதான் என்று 2011-ல் உறுதியாயிற்று. உருவாகும் ஃபிளேவனால்கள் (ஃபிளேவனாய்டுகளில் ஒரு வகை) இலையின் புறத்தோலில் போய்த் தங்கி, புற ஊதாவைத் தாமே உறிஞ்சிக்கொண்டு நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உள்ளே விடுகின்றன. ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான வெளிச்சத்துக்கு இடைஞ்சல் இல்லை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே வளர்த்த நாற்றை வெளியே வைத்ததும் சில நாட்களில் இலை தடித்து நிறம் மாறுவதில் இதற்கும் பங்கு உண்டு. சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பியைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

இரண்டாம் வழி சர்க்கரைக் கணக்கு. நைட்ரஜனோ பாஸ்பரஸோ குறைந்தால், குளிர் கூடினால், முதலில் தளர்வது வளர்ச்சி. ஒளிச்சேர்க்கை அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை. அதனால் சர்க்கரை மிஞ்சும். புதிய புரதம் கட்ட நைட்ரஜன் இல்லை, பினைல் அலனினுக்கு அந்தப் பக்கம் கிராக்கி குறையும். பெரும்பாலான பீனாலிக்குகளின் மூலக்கூறில் நைட்ரஜனே கிடையாது. மிஞ்சிய கார்பன் பீனாலிக் பக்கம் திரும்புகிறது. பாஸ்பரஸ் குறைந்த நாற்றின் அடியிலைகள் ஊதாவாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆந்தோசயனின்.

மிச்சக் கார்பன் வழிந்தோடுவதுதான் முழுக் காரணம் என்ற கருத்து 1983-ல் பிரையண்ட், சேப்பின், கிளைன் ஆகியோர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வெகுவாகப் பரவியது. இன்றைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மிஞ்சிய சுக்ரோஸே ஆந்தோசயனின் மரபணுக்களை இயக்கும் சமிக்ஞையாகவும் வேலை செய்வது தெரியவந்திருக்கிறது. செடி சர்க்கரை அளவைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதுதான் என் புரிதல்.

இவை நஞ்சு என்றால் செடி எப்படித் தப்பிக்கிறது?

தனி அறை, பூட்டிய பெட்டி. அறை என்பது வாக்குவோல். உயிரணுவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் அந்த நீர்ப்பையின் சவ்வு, பீனாலிக்குகளை உள்ளே கடத்தி வெளியே கசியாமல் பார்த்துக்கொள்கிறது. பூட்டு என்பது சர்க்கரை. வினைபுரியும் ஹைட்ராக்சிலில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை மாட்டிவிட்டால் நஞ்சின் வேகம் அடங்கும், நீரில் கரைவதும் எளிதாகும், சவ்வைத் தாண்டித் திரும்பி வரவும் முடியாது.

வால்நட் மரம் இதற்கு நல்ல சான்று. அக்கம்பக்கத்துச் செடிகளை வாடவைக்கும் ஜுக்லோன், மரத்துக்குள் பெரும்பாலும் சர்க்கரை மாட்டிய, ஒடுக்கமடைந்த வடிவில் சாதுவாக இருக்கிறது. இலை உதிர்ந்து சர்க்கரை கழன்று காற்றுப் பட்ட பிறகுதான் அது ஜுக்லோன் ஆகிறது. பச்சை வனிலாக் காயில் மணம் அநேகமாக இல்லாததும் இதனால்தான். வனிலின் அங்கே குளுக்கோஸோடு பூட்டிக் கிடக்கிறது. காயைப் பதப்படுத்தும்போது நொதி பூட்டைத் திறக்கிறது.

இருப்பு ஏறுவதற்கு உற்பத்தி மட்டும் போதாது, வைக்க இடமும் வேண்டும். வாக்குவோலுக்குள் கடத்தும் புரதம் பழுதான செடிகளில் உற்பத்தி நொதிகள் எல்லாம் சரியாக இருந்தும் விதையுறை வெளிறிப்போகிறது.

வெட்டியதும் ஏன் பழுப்பாகிறது?

பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற செம்பு கொண்ட நொதி பசுங்கணிகம் போன்ற கணிகங்களில் இருக்கிறது. பீனாலிக்குகள் வாக்குவோலில். இரண்டும் ஒரே உயிரணுவில் குடியிருந்தாலும் முகம் பார்ப்பதில்லை. கத்தி பட்டதும் சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன, காற்றிலிருந்து ஆக்சிஜனும் வந்து சேர்கிறது. பீனாலிக், குவினோன் என்ற வினைவேகம் மிகுந்த பொருளாக மாறும். குவினோன்கள் ஒன்றோடொன்றும் புரதங்களோடும் பிணைந்து பழுப்பு நிறமியாகும். நறுக்கிய ஆப்பிளில் இதைச் சில நிமிடங்களிலேயே பார்க்கலாம். அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) தடவினால் நிறம் வராததற்குக் காரணம், அது குவினோனைத் திரும்பப் பீனாலிக்காக ஒடுக்கிவிடுகிறது. அஸ்கார்பிக் அமிலம் தீர்ந்ததும் பழுப்பு ஏறத் தொடங்கும்.

திசு வளர்ப்பில் பிரிகூறு கறுப்பதை எப்படித் தடுப்பது?

பிரிகூறு என்பது தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுத்து ஊடகத்தில் வைக்கும் துண்டு. அங்கே நடப்பதும் மேலே சொன்ன கதைதான். ஆனால் காயம் 'பால்' நொதியையும் தட்டி எழுப்பிவிடுவதால் முதல் சில நாட்கள் வரவு கூடிக்கொண்டே போகும். போக வழியில்லை. சிறிய குடுவை, அசையாத அகார். கசிந்தது அதே வெட்டுவாயைச் சுற்றித் தேங்கி, குவினோனாகி, கசிந்த திசுவையே கொல்கிறது. தாய்மரத்தில் இருந்திருந்தால் அந்தக் காயம் ஆறியிருக்கும்.

நான் முதலில் செய்வது இடம் மாற்றுவது. நட்ட முதல் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் துண்டைப் புதிய ஊடகத்துக்கு மாற்றினால், வேறு எந்த மருந்தும் சேர்க்காமலே பல வகைகள் பிழைத்துக்கொள்கின்றன. வேலை அதிகம், கிருமி புகும் அபாயமும் உண்டு. ஆனாலும் நிச்சயமாகப் பலன் தருவது இதுதான். ஒரே குடுவைக்குள் துண்டைச் சற்றுத் தள்ளி நட்டாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது முதல் வாரம் இருட்டில் வைப்பது. வெளிச்சம் இந்தப் பாதையைத் தூண்டுகிறது என்று பார்த்தோம். பிறகு அஸ்கார்பிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கலந்த கரைசலில் நனைத்து வெட்டுவது. பாலிவினைல் பைரோலிடோன் சேர்த்தால் அது பீனாலிக்குகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துவைத்துக்கொள்ளும். செயலூட்டிய கரியையும் பலர் நம்புகிறார்கள். நன்றாகவே உறிஞ்சும், ஆனால் ஊடகத்தில் நீங்கள் கலந்த ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன்களையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். கரி சேர்த்த பிறகு தளிர் வரவில்லை என்று வருந்துபவர்கள் முதலில் ஹார்மோன் அளவைத் திரும்பப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடத் தாய்ச்செடியின் வயதும் பருவமும் பெரியவை. முற்றிய தண்டில் ஏற்கெனவே இருப்பு நிரம்பியிருக்கும். இளந்தளிரில் எடுங்கள்.

உற்பத்தி மரபணுவைக் கூட்டினால் அளவு கூடுமா?

கூடும் என்று நம்பித்தான் 1990-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் பெட்யூனியா என்ற பூச்செடியில் சால்கோன் சிந்தேஸ் மரபணுவை இன்னொரு பிரதி சேர்த்தன. ஒரு குழு எதிர்பார்த்தது இன்னும் அடர்ந்த ஊதா. கிடைத்ததோ வெள்ளைப் பூக்களும் திட்டுத்திட்டாக வெளுத்த பூக்களும். சேர்த்த பிரதியும் சொந்தப் பிரதியும் சேர்ந்தே ஊமையாகிவிட்டன. பின்னாளில் ஆர்என்ஏ குறுக்கீடு என்று அறியப்பட்ட நிகழ்வின் முதல் தடயங்களில் ஒன்று அந்தப் பூக்கள்.

பெரும்பாலும் நல்ல பலன் தருவது ஒற்றை நொதியை விட, பல நொதிகளுக்கு ஒன்றாகக் கட்டளையிடும் ஒழுங்குமுறைப் புரதத்தை மாற்றுவது. மெண்டலின் பட்டாணியில் ஊதாப் பூவையும் வெள்ளைப் பூவையும் பிரிப்பது அப்படி ஒரு புரதத்தின் மரபணு என்று 2010-ல் தெரியவந்தது.

செடிக்கு வெளியே, கழிவுநீரில் பீனால் ஏன் தங்கிவிடுகிறது?

கரிச்சூளை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பிசின் தயாரிப்பு ஆகியவற்றின் கழிவுநீரில் பீனால் வருகிறது. அதன் கொதிநிலை 182 டிகிரி செல்சியஸ். நீரில் நன்றாகக் கரையும். அதனால் காற்றை ஊதி விரட்டுவது கடினம். பென்சீன் வளையத்தின் நிலைத்தன்மையால் தானாகவும் எளிதில் உடையாது.

பாக்டீரியாக்கள் உடைக்கும். சூடோமோனாஸ் போன்றவை பீனாலில் இன்னொரு ஹைட்ராக்சிலைச் சேர்த்து கேட்டகால் ஆக்கி, பிறகு வளையத்தைப் பிளக்கின்றன. இந்த இரண்டு படிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். காற்றோட்டம் குறைந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாமல் உடைக்கும் நுண்ணுயிர்களும் உண்டு, ஆனால் மெதுவாக.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பீனால் குறைவாக இருக்கும்போது பாக்டீரியாவுக்கு உணவு, ஓரளவுக்கு மேல் போனால் அதற்கே நஞ்சு. தொட்டிக்குள் திடீரென்று அதிகப் பீனால் வந்தால் உடைக்கும் வேகம் சரியும், சரிவதால் இன்னும் தேங்கும், தேங்குவதால் இன்னும் சரியும். அகார் குடுவையில் நான் பார்த்த சுழல்தான் இங்கே பெரிய தொட்டியில் நடக்கிறது. வரத்தை நிதானப்படுத்தி, நுண்ணுயிர்க் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் சமாளிக்கலாம்.

இயற்கையில் இப்படித் தேங்கும் இடம் உண்டா?

பீட் நிலங்கள். நீர் தேங்கி, பாசியும் செடியும் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த சதுப்புகள். உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 சதவீதம்தான், ஆனால் மண்ணில் இருக்கும் கார்பனில் மூன்றில் ஒரு பங்கு அளவு அங்கே இருக்கிறது. ஃபிரீமன், ஆஸ்ல், காங் ஆகியோர் 2001-ல் தந்த விளக்கம் அழகானது. நீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாததால் பீனால் ஆக்சிடேஸ் நொதியால் வேலை செய்ய முடிவதில்லை. பீனாலிக்குகள் தேங்குகின்றன. தேங்கியவை, செல்லுலோஸ் போன்றவற்றை நீராற்பகுக்கும் மற்ற நொதிகளை முடக்குகின்றன. அந்த நொதிகளுக்கு ஆக்சிஜன் தேவையே இல்லை, இருந்தும் அவை நின்றுபோகின்றன. ஒரே ஒரு நொதி தாழ்ப்பாள் போல மொத்தக் கார்பனையும் பூட்டிவைத்திருக்கிறது என்றார்கள். சதுப்பை வடித்து உலர்த்தினால் தாழ்ப்பாள் திறக்கும். இரும்பு மிகுந்த சதுப்புகளில் கணக்கு சற்று மாறும். உலரும்போது உருவாகும் இரும்பு ஆக்சைடு லிக்னினைப் பிடித்துக் காப்பதும் உண்டு.

புட்டியில் வைத்த வெள்ளைப் பீனால் இளஞ்சிவப்பாகிறதே, கெட்டுவிட்டதா?

காற்றும் வெளிச்சமும் பட்டு மிகச் சிறிதளவு ஆக்சிஜனேற்றமடைந்து குவினோன் வகைகள் உருவானதன் நிறம் அது. துல்லியமான வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். தோல் வழியாக உடலுக்குள் போகும்.

மொத்தப் பீனாலிக் அளவை எப்படி நம்பகமாக அளப்பது?

எல்லோரும் செய்வது ஃபோலின்-சியோகால்டு முறை. 1927-லிருந்து இருக்கிறது. மாதிரியில் உள்ள பீனாலிக்குகள் மாலிப்டினம், டங்ஸ்டன் கலவையை ஒடுக்கி நீலமாக்கும். 760 நானோமீட்டர் அருகே அளந்து, கேலிக் அமிலத்துக்குச் சமமான அளவாக எழுதுவோம். ஆனால் இந்த வினைப்பொருள் எந்த ஒடுக்கியைக் கண்டாலும் நீலமாகும். வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரைகள், டைரோசின் உள்ள புரதங்கள் எல்லாம் கணக்கில் ஏறிவிடும். 1951-ல் வந்த லௌரி புரத அளவீட்டு முறை பயன்படுத்துவதே இந்த வினைப்பொருளைத்தான். நீர்ப் பற்றாக்குறை போன்ற நெருக்கடிக்கு உள்ளாக்கிய செடியின் மாதிரியில் வைட்டமின் சி ஏறியிருந்தால் அதைப் பீனாலிக் என்று எழுதிவிடுவோம். முடிந்தால் எச்பிஎல்சி என்ற பிரிப்புக் கருவியில் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு பிழை உரலிலேயே நடக்கிறது. இலையை அறை வெப்பத்தில் அரைத்தால் பாலிபீனால் ஆக்சிடேஸ் அந்தச் சில நிமிடங்களிலேயே நீங்கள் அளக்க வந்ததைத் தின்றுவிடும். சாறு பச்சையிலிருந்து பழுப்பாவதைக் கண்ணால் பார்க்கலாம். பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு, உறைந்த நிலையிலேயே பொடித்து, உருகுவதற்குள் குளிர்ந்த 80 சதவீத மெத்தனாலை ஊற்றுங்கள். சாறு பழுப்பாகிவிட்டால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு வேறு இலை பறித்து வாருங்கள்.